நான்கு நொடி சண்முகையா

முதல் அநியாயம் எழுபத்தொன்பதில் நடந்தது. மில் வாசலில் கொடுத்த துண்டறிக்கையில் என் பெயரைக் கடைசியில், அச்சகத்தின் பெயருக்கு மேலே, அச்சகத்தின் பெயரைவிடச் சின்ன எழுத்தில் போட்டார்கள். அந்த அறிக்கையை எழுதியவனே நான்தான். இரண்டாவது, எண்பத்திரண்டு மே தினக் கூட்டம். நான் 'ஆகவே தோழர்களே' என்று ஆரம்பித்ததும் மைக் போய்விட்டது. எங்கள் மில் சங்கத்துச் சண்முகையா பேச எழுந்ததும் வந்துவிட்டது. மூன்றாவது, எண்பத்தைந்தில் எங்களைக் கைது செய்தபோது. பத்திரிகையில் 'சண்முகையா உள்ளிட்டோர் கைது' என்று போட்டான். நான் அந்த உள்ளிட்டோருக்குள் இருந்தேன். நான்காவது, சங்கத்தின் வெள்ளிவிழா மலர். ஊர்வலப் படத்தில் சண்முகையா முழுசாக இருக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு முழங்கை இருக்கிறது. அது என் முழங்கை.

ஐந்தாவது அநியாயம் போன மாதம் நடந்தது. அதைச் செய்தது உங்கள் ஆட்கள்.

கோபப்படாதீர்கள். உங்கள் பையில் கம்பெனி பெயர் எழுதியிருக்கிறது, அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். மென்பொருள்தானே? நினைத்தேன். சார் என்று நான் யாரையும் கூப்பிட்டதில்லை, ஒரு மேனேஜரைக்கூட. தோழர் என்று சொல்கிறேன், பரவாயில்லையா? இந்த ரயில் சிக்னலுக்காக நிற்கிறது, இப்போதைக்கு நகராது. உங்களாலும் இறங்கிப் போக முடியாது. நான் சொல்வதைக் கேட்கலாம்.

என் பெயர் ஆவுடையப்பன். படித்தது ஐந்தாவது. அதற்கு மேல் படித்ததெல்லாம் துண்டறிக்கை. மற்றவர்கள் வாங்கிக் காது குடைவார்கள், நான் மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன். 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்பதை எங்கே போட வேண்டும், 'மிக வன்மையாக' என்பதை எங்கே போட வேண்டும் என்று எங்கள் சங்கத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சண்முகையாவுக்குத் தெரியாது. அவனுக்குக் குரல் உண்டு, அவ்வளவுதான்.

கோவில்பட்டிப் பக்கம் வைரவன் மில் என்று ஒன்று இருந்தது. நூல் மில். நூற்கிற எந்திரத்துக்கு நாங்கள் பிரேம் என்று சொல்வோம். ஒரு பிரேமுக்கு ஓர் ஆள். எண்பத்தைந்தில் நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியது: இனி இரண்டு பிரேமுக்கு ஓர் ஆள். உற்பத்தி அப்படியே இருக்கும், ஆள் பாதியாகும். எதிர்த்து நின்றோம். ஐந்து மாதம். முடிவில் நாற்பத்தேழு பேரை வெளியே தள்ளினார்கள். அதற்குப் பிறகு சங்கம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்றுக்குச் சண்முகையா தலைவர். இன்னொன்றுக்கு நான் தலைவர், செயலாளர், பொருளாளர். உறுப்பினரும் இருந்தார்கள், ஆரம்பத்தில்.

இது நடந்து நாற்பது வருடம். நாற்பத்தேழு பேரில் பதினோரு பேர்தான் மிச்சம். இனி இரண்டு சங்கம் வைத்து ஆளுக்கு ஐந்தரை பேராகப் பிரித்துக்கொள்ள முடியாது என்று சேர்ந்தே நினைவு விழா நடத்த முடிவு செய்தோம். கல்யாண மண்டபம், பெரிய திரை. திரையில் நாற்பத்தேழு பெயரும் ஒவ்வொன்றாக வந்து போக வேண்டும். பட்டியல் தயாரிக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

படம் செய்தது ஜெபராணி. பிளக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கெட்டிக்காரி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். போய் உட்கார்ந்ததும் சொன்னாள், "நாப்பத்தேழு பிரேம் வரும் அண்ணாச்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பிரேமா? என்ன பிரேம்?"

"படந்தான். ஒவ்வொரு பேருக்கும் ஒரு படம். ஒண்ணு போயி ஒண்ணு வரும். ஒவ்வொரு படத்துக்கும் பேரு பிரேம்."

"ஒரு பிரேமுக்கு ஓர் ஆளா?"

"ஒரு பிரேமுக்கு ஒரு ஆளு."

"அதைத்தானம்மா நாங்க அஞ்சு மாசம் கேட்டோம்" என்றேன்.

அவள்தான் எனக்கு விளக்கினாள். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன், நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள். சினிமாவில் எல்லாப் படமும் ஒரே வேகத்தில் ஓடும். இதில் அப்படி இல்லை. ஒவ்வொரு பிரேமின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், நான் இவ்வளவு நேரம் நிற்பேன் என்று. கணக்கு நொடியில் இல்லை, நொடியை நூறாக உடைத்து அதில். இருநூறு என்று எழுதினால் இரண்டு நொடி. சரிதானே? பார்த்தீர்களா, ஐந்தாவதுதான் படித்திருக்கிறேன்.

"எல்லாருக்கும் இருநூறு" என்றாள் ஜெபராணி.

"பட்டியல் தயாரித்தவருக்கு முந்நூறு போடுகிற வழக்கம் ஏதும்..."

"உங்களுக்கு மட்டும் மூணு நொடி போட்டா நாளைக்கு மிச்சப் பேரும் என் கட வாசல்ல கொடி பிடிப்பாவ."

நான் வற்புறுத்தவில்லை. அறிவுக்காக மட்டும் கேட்டேன்: "அதிகபட்சம் எவ்வளவு எழுதலாம்?"

"பதினோரு நிமிஷத்துக்கு அஞ்சு நொடி கம்மி. அதுக்கு மேல அந்தச் சீட்டுல எடம் கெடையாது. நீங்க மேடையில 'தோழர்களே'ன்னு சொல்லி முடிக்கவே அவ்வளவு நேரம் ஆகும், உங்களுக்கு அது பத்தாது."

சிரிக்காதீர்கள் தோழர். அடுத்ததையும் அறிவுக்காகத்தான் கேட்டேன். "ஒருத்தர் சீட்டில் வெறும் ஒன்று என்று எழுதினால்? சும்மா, ஓர் உதாரணத்துக்கு, சண்முகையா சீட்டில்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எழுதலாம். நடக்காது. ஒண்ணு, சைபர்னு எழுதியிருந்தா காட்டுற சாப்ட்வேர் நம்பாது. அதுவா பத்துன்னு வச்சிக்கிடும். முன்னால நேரம் எழுத மறந்துட்டு சைபராவே விட்டவுக நெறையப் பேரு. அத அப்படியே ஓட்டினா படம் பேய் பிடிச்ச மாதிரி ஆடும். அதுக்காக வச்சது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "அப்படியென்றால் உங்கள் தொழிலில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருக்கிறது! எந்தப் போராட்டத்தில் வாங்கினார்கள்?"

"யாரும் போராடல அண்ணாச்சி. பாக்கிறவனுக்குக் கண்ணு வலிக்கும்னு செஞ்சது."

போராடாமலே கிடைத்ததாம். நான் நம்பவில்லை. யாரோ போராடியிருப்பார்கள், பெயரை 'உள்ளிட்டோரில்' போட்டிருப்பார்கள்.

பட்டியலில் நான் இரண்டே இரண்டு திருத்தம் சொன்னேன். பழைய பட்டியல் டிக்கெட் எண் வரிசையில் இருந்தது. மில்லில் ஒவ்வொருவருக்கும் ஒரு டிக்கெட் எண் உண்டு, சேர்ந்த வரிசைப்படி. சண்முகையாவுடையது எண்பத்தெட்டு. என்னுடையது இருநூற்றுப் பதின்மூன்று. மேஸ்திரி தயவில் முன்னால் சேர்ந்தவன் முன்னால் வருவது என்ன நியாயம்? ஆகவே முதல் திருத்தம்: அகர வரிசை. அதுதான் ஜனநாயகம். அகர வரிசையில் எனக்கு முன்னால் அய்யாத்துரை ஒருவர்தான் வருகிறார், அது தற்செயல். அவர் காலமாகிவிட்டார். இரண்டாவது திருத்தம்: பெயருக்குக் கீழே டிக்கெட் எண்ணும் பிரிவும் வேண்டாம். மனிதனை எண்ணால் அழைப்பது முதலாளி பழக்கம். வெறும் பெயர் போதும்.

"நம்பர் இருந்தா யாரு எவருன்னு தெரியும் அண்ணாச்சி" என்றாள்.

"எங்களுக்குத் தெரியும்" என்றேன்.

அன்று சாயங்காலம் எனக்கு ஒரு போன் வந்தது. சுப்புத்தாய். எங்களோடு வெளியே தள்ளப்பட்டவர்களில் ஒருவருடைய மனைவி. கணவர் காலமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவர் ப்ளோ ரூமில் இருந்தவர், பஞ்சைப் பிரித்துத் தூசி எடுக்கிற இடம். பேசவே மாட்டார். எங்கள் எல்லாரையும் வேலைநிறுத்தம் செய்ததாகச் சொல்லி நீக்கினார்கள். அவரை மட்டும் கழிவுப் பஞ்சு திருடியதாக எழுதி நீக்கினார்கள். பஞ்சு காணாமல் போனதாகச் சொன்ன தேதியில் அவர் எங்களோடு ஜெயிலில் இருந்தார். இதை நான் அப்போதே துண்டறிக்கையில் எழுதினேன், 'மிக வன்மையாக' போட்டு. ஆனால் அவர்கள் ஊருக்குத் துண்டறிக்கை போகவில்லை. திருடன் என்ற பேச்சுதான் போயிருக்கிறது.

"அண்ணே, அவுக பேரு திரையில வருமா?"

"வரும்மா. என் கையால் எழுதியிருக்கிறேன்."

"எம் மகளக் கெட்டிக்குடுத்த எடத்துல இருவது வருசமா பஞ்சுத் திருடன் மகன்னுதான் சொல்லுதாவ. சம்பந்தகாரரக் கையோட கூட்டிட்டு வாரேன். அவரு கண்ணால பாக்கணும். பாத்துட்டார்னா எம் புள்ள தலையெடுத்து நடப்பா."

"கூட்டிக்கொண்டு வாம்மா" என்றேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. மண்டபத்தில் முந்நூறு பேர் இருக்கும். திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்து அருமையாக இருந்தது, சிவப்பில் வெள்ளை. முன்வரிசையில் பழைய ஆட்கள். சண்முகையா மட்டும் மேடையில், நடுநாற்காலியில். அதை நான் அநியாயத்தில் சேர்க்கவில்லை, பழகிவிட்டது.

கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். சந்தேகம் எல்லாம் இல்லை. சரிபார்ப்பது என் சுபாவம். அய்யாத்துரை, இரண்டு நொடி. நான், இரண்டு நொடி. கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டேன். அடுத்தவர் இரண்டு. அதற்கடுத்தவர் இரண்டு. எல்லாரும் இரண்டு. மு. சண்முகையா வந்தான். ஒன்று, இரண்டு. போகவில்லை. மூன்று. அங்கேயே நிற்கிறான். நான்கு. அதற்குப் பிறகுதான் நகர்ந்தான்.

என் கண்ணில் கோளாறு என்று நினைத்தேன். இரண்டாவது சுற்று பார்த்தேன். நான்கு. மூன்றாவது சுற்று. நான்கு. எழுந்துவிட்டேன் தோழர். நாற்பது வருடம் பொறுத்தவன்.

மேடைக்குக் கீழே ஜெபராணி லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். "யார் சொல்லி அவனுக்கு நான்கு நொடி போட்டாய்?"

"எவருக்கு? எல்லாருக்கும் ரெண்டுதான்."

"கடிகாரம் சொல்கிறது."

"உங்க கடியாரம் எந்தச் சங்கம்?" என்றவள், திரையைப் பார்த்தாள். அடுத்த முறை சண்முகையா வந்தபோது வாயைத் திறந்து எண்ணினாள். முகம் மாறியது. லேப்டாப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சுப்புத்தாய் வந்து நின்றாள். பின்னால் மகள், மருமகன். அவர்களுக்கும் முன்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சம்பந்தகாரர்.

"நாங்களும் நாலு சுத்து பாத்துட்டோம். ஒங்க ஆளு பேரு எங்க?" என்றார் அவர்.

"வந்துச்சே, இப்பக்கூட வந்துச்சே. மு. சண்முகையான்னு" என்றாள் சுப்புத்தாய்.

"அது மேடையில உக்காந்திருக்காரே, அவரு பேருல்லா? ஒரு பேருதான வருது? அத எடுத்து நீங்க வச்சிக்கிட்டா ஆச்சா?"

ஆமாம் தோழர். அவர் பெயரும் மு. சண்முகையாதான். எங்களிடம் இரண்டு பேர் இருந்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு இந்தப் பயல் முகம்தான் வரும், அவ்வளவு தொந்தரவு கொடுத்தவன். அதனால் அங்கே நின்றுகொண்டு, கடிகாரத்தோடு நான்கு சுற்று எண்ணியும், எனக்கு அது உறைக்கவில்லை. அதற்கும் அவன்தான் காரணம்.

ஜெபராணி நிமிர்ந்தாள். "நாப்பத்தாறுதான் இருக்கு. ஒரு ஆளக் காணும் அண்ணாச்சி."

"எங்கே போனார்?"

"நான் செஞ்சது நாப்பத்தேழுதான். வெள்ளிக்கெழம வாட்ஸாப்புல அனுப்பக் கனமா இருக்குன்னு 'சுருக்கு'ன்னு ஒரு பட்டன அமுக்கினேன். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பிரேம் அச்சு அசலா ஒண்ணு போல இருந்தா, இதுக்கு எதுக்கு ரெண்டுன்னு அது ஒண்ணத் தூக்கிரும். தூக்கினதோட நேரத்த மிச்சம் இருக்கதோட சீட்டுல கூட்டிரும். இருநூறும் இருநூறும் நானூறு. அதான் நாலு நொடி. மொத்த நேரம் பாருங்க, தொண்ணூத்தி நாலு நொடி, அதுல கொறையே இல்ல. ஆளுதான் ஒண்ணு கொறஞ்சிருக்கு."

உற்பத்தி அப்படியே, ஆள் குறைவு. இரண்டு பேர் வேலை ஒரு பிரேமில். தோழர், எண்பத்தைந்தில் மில் வாசலில் ஒட்டிய நோட்டீஸை யார் உங்கள் ஆட்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தது? நாங்கள் ஜெயிலுக்குப் போய் எதிர்த்ததை, எங்கள் நினைவு விழாவிலேயே, எங்கள் ஆள்மேலேயே செய்துவிட்டார்கள்! குறைந்தபட்சக் கூலி கொடுப்பார்களாம், ஆளையே எடுத்துவிடுவார்களாம்!

அந்தப் பெண் என்ன சொன்னாள் தெரியுமா? "நம்பர் போட்டிருந்தா ரெண்டு படமும் வேற வேறயா இருந்திருக்கும். வரிசைய மாத்தாம இருந்தா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்திருக்காது. ரெண்டும் நீங்க சொன்னதுதான அண்ணாச்சி?" அவளுக்குத் தொழில்நுட்பம் தெரியும். வர்க்க அரசியல் தெரியாது.

"சரி பண்ண எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"கடைக்குப் போயி மூலத்த எடுத்துட்டு வரணும். முக்கா மணி நேரம்."

சம்பந்தகாரர் துண்டை உதறினார். "முக்கா மணி நேரத்துல ஆயிரம் பேரு ஏத்தலாமே. நாங்க வெளில நிக்கோம்." சுப்புத்தாயின் மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. இருபது வருடமாக அப்படி நின்று பழகியவள் மாதிரி நின்றாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

மேடையிலிருந்து சண்முகையா இறங்கி வந்தான். "என்னவே ஆவுடை, இன்னைக்குமா சண்ட?"

"உன் நான்கு நொடியில் இரண்டு உன்னுடையது இல்லை" என்றேன்.

"எப்பமும் எண்ணிக்கிட்டே இரும்" என்று சிரித்தவன், சுப்புத்தாயைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன், அவனுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது. தன் பெயர் என்பதால் இருக்கலாம். மேடைக்குப் போய் மைக்கை எடுத்துவந்து என்னிடம் நீட்டினான்.

"நீரு வாசியும்."

"நீயே வாசி. உனக்குத்தான் குரல் இருக்கிறது."

"நான் வாசிச்சா எம் பேர நானே சொல்லிக்கிட்ட மாதிரி இருக்கும்வே. எவன் நம்புவான்? நீரு என்னைக்காவது என்னைப் புகழ்ந்திருக்கீரா? நீரு சொன்னா அது நான் இல்லன்னு ஊருக்கே தெரியும்."

அது உண்மைதான். மைக்கை வாங்கினேன். படத்தை நிறுத்தச் சொன்னேன். 'ஆகவே தோழர்களே' என்று தொடங்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டு, பெயரை மட்டும் சொன்னேன். மு. சண்முகையா.

கூட்டம் கைதட்டியது. கைதட்டல் கேட்டதும் பக்கத்தில் நின்ற இவன் கை தானாகக் குவிந்துவிட்டது! நாற்பது வருடப் பழக்கம். "கையை இறக்குடா" என்றேன், மைக்கிலேயே. கூட்டம் சிரித்தது. சம்பந்தகாரர் வாசலை நோக்கி ஓர் எட்டு வைத்தார்.

"ஐயா, நில்லுங்கள்" என்றேன். "இவன் டிக்கெட் எண் எண்பத்தெட்டு. நான் சொல்வது இவனை அல்ல. எண்பத்தைந்து ஆகஸ்டு ஒன்பதாம் தேதி ப்ளோ ரூமில் பஞ்சு திருடுபோனது என்று நிர்வாகம் எழுதியது. அன்றைக்கு எங்களோடு ஒரே அறையில், ஜெயிலில், தன் சோற்றில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஆளைச் சொல்கிறேன். பார்த்தவர்கள் எழுந்து நில்லுங்கள்."

முன்வரிசையில் ஒன்பது பேர் எழுந்தார்கள். இரண்டு பேருக்கு மற்றவர்கள் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. சண்முகையா ஏற்கனவே நின்றுகொண்டிருந்தான். இருந்தாலும் என் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றான்.

சம்பந்தகாரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். சுப்புத்தாய் மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"அண்ணே, பின்னால கேக்கல. இன்னொருக்கச் சொல்லுங்க. சத்தமா."

சொன்னேன் தோழர். என் வாழ்நாளில் அந்தப் பெயரை அவ்வளவு சத்தமாக நான் சொன்னதில்லை. வைரவன் மில், ப்ளோ ரூம், டிக்கெட் எண் நானூற்றுப் பன்னிரண்டு, மு. சண்முகையா.